ஒரு தெருவில் இரு குரல்கள்

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவற்றுள் ஒன்று அவிநாசி. தேவாரம் அவ்வூரைத் திருப்புக்கொளியூர் என்று குறிக்கும். அவிநாசி என்பது அங்குள்ள திருக்கோயிலின் பெயர். விநாசம் என்பதற்கு அழிவு என்பது பொருள், அழிவில்லாதது அவிநாசி. நாளடைவில் கோயிலின் பெயரே ஊரின் பெயராய் நிலைத்துவிட்டது.

சுந்தரமூர்த்தி நாயனார் ஒரு நாள் அவ்வூரின் தெரு வழியே நடந்து சென்றார். ஒரு வீட்டில் மங்கல ஒலி முழங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிர் வீட்டிலோ அழுகுரல் எழுந்துகொண்டிருந்தது. ஒரே தெருவில், ஒரே வேளையில், இவ்விரண்டும் எழக் காரணம் யாது என்று நாயனார் வினவினார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் சில ஆண்டுகளுக்கு முன் குளத்தில் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. மற்றவன் பிழைத்து வந்தான். பிழைத்தவனுக்கு அன்று பூணூல் விழா. 'நம் மகனும் இருந்திருந்தால் அவனுக்கும் இவ்விழா நிகழ்ந்திருக்குமே' என்று எதிர் வீட்டார் அழுதனர். சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் கூறும் வரலாறு இது.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு. விழா எடுத்த வீட்டார் கொடியவர் அல்லர். அவர்கள் முதலையை ஏவியவரும் அல்லர். தம் மகன் வளர்ந்தான், தாம் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி மெய்யானதே. ஆயினும், அத்தெருவின் கதையை அவ்வீட்டாரை மட்டும் கேட்டு எழுதினால், 'அந்நாள் மங்கல நாள்' என்றே எழுத நேரும். எதிர் வீட்டின் கதவைத் தட்டிக் கேட்டால்தான் உண்மை முழுமை பெறும்.

இன்னும் ஒன்று. அழுத வீடு அதே தெருவில் இருந்தது. ஆதலின் அவ்வழுகை நாயனாரின் செவியில் விழுந்தது. தெருவுக்குள்ளேயே வர இயலாதவராய், ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட சேரியில் வாழ்ந்தவரின் அழுகை எவர் செவியில் விழுந்தது? தீண்டாமை என்னும் முதலை விழுங்கிய பிள்ளைகளை எண்ணிச் சொல்ல வல்லார் யார்?

அவிநாசியைச் சூழ்ந்த ஊர்களில் முதியோர் கூடியிருக்கும் இடங்களில் 'அந்தக் காலம்' என்ற சொல் அடிக்கடி கேட்கும். ஆனால் அச்சொல்லைச் சொல்பவர் எத்தெருவினர் என்பதைப் பொறுத்து அதன் பொருள் வேறுபடும்.

நிலமுடைய குடியிற் பிறந்த முதியவர் ஒருவர் கூறுவார்: "அந்தக் காலத்தில் ஊர் ஒற்றுமையாக இருந்தது. பண்ணையத்தில் இருந்த ஆள் எங்கள் வீட்டுப் பிள்ளையைப் போன்றவன். விளைந்ததில் அவனுக்குப் பங்கு அளந்தோம். அவன் வீட்டுத் திருமணத்திற்கு நெல்லும் துணியும் கொடுத்தோம். வழக்கு இல்லை, வம்பு இல்லை. இப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை."

இவர் பொய் சொல்கிறார் என்று எவரும் முடிவு கட்டுதல் தகாது. அவர் தாம் கண்டதையே சொல்கிறார். அவருடைய தாய் கார்த்திகை நாளில் பண்ணையாளின் பிள்ளைகளுக்குப் பலகாரம் கொடுத்ததைத் தம் கண்ணாலேயே கண்டிருக்கிறார். அப்பிள்ளைகள் மகிழ்ச்சியோடு வாங்கிச் சென்றதையும் கண்டிருக்கிறார். அவர்கள் எங்கே நின்று வாங்கினார்கள் என்பதுதான் அவர் நினைவில் தங்கவில்லை.

அருந்ததியர் குடியிற் பிறந்த முதியவர் ஒருவரைக் கேட்டால் அவர் அந்த இடத்தையே முதலில் சொல்வார்: "மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் நின்றோம். கையைக் குவித்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். தேநீர்க் கடையில் எங்களுக்குக் கொட்டாங்கச்சி. ஊர்த் தெருவில் நடக்கும்போது செருப்பு காலில் இராது, கையில் இருக்கும். அந்தச் செருப்பைத் தைத்தவனும் நான்தான்."

இவருடைய நினைவில் மற்றொன்றும் உண்டு. அது சொல்லைப் பற்றியது. பண்ணையக்காரரின் ஐந்து வயது மகன் அறுபது வயது பண்ணையாளைப் பெயர் சொல்லி, 'வாடா, போடா' என்று அழைப்பான். அம்முதியவர் அச்சிறுவனைச் 'சாமி' என்று அழைக்க வேண்டும். மூத்தோரை வணங்குக என்று பாடம் படித்த தமிழ்நாட்டில், எம்மூத்தோரை வணங்க வேண்டும், எம்மூத்தோரை ஏவ வேண்டும் என்பதைப் பள்ளிக்கு வருமுன்னரே பிள்ளைகள் கற்றிருந்தனர்.

அக்காலத்து உழவின் அமைப்பை அறிந்தால் இந்நினைவின் கூர்மை விளங்கும். கொங்கு நாடு மழை குறைந்த நாடு. ஆழ்ந்த கிணறுகளே அதன் உயிர். அக்கிணறுகளிலிருந்து காளைகளைப் பூட்டிக் கவலை கட்டி நீர் இறைத்தனர். கவலைக்குத் தோற்கருவிகள் இன்றியமையாதவை. தோலைப் பதப்படுத்தி அவற்றை அமைத்துக் கொடுத்தவரும், கிழிந்தபோது தைத்துக் கொடுத்தவரும் அருந்ததியரே. அவர் கையால் தைத்த தோல் நாள்தோறும் அக்கிணற்று நீரில் மூழ்கி எழுந்தது. அந்நீரே பயிரை வளர்த்தது. அப்பயிரே ஊருக்கு உணவாயிற்று. ஆனால் அவர் கை மட்டும் அக்கிணற்றைத் தீண்டக் கூடாது! தோலுக்கு இல்லாத தீட்டு, அதைத் தைத்த விரலுக்கு எங்ஙனம் வந்தது? இவ்வினாவுக்கு எந்தச் சாத்திரத்திலும் விடை இல்லை.

இவ்விரு நினைவுகளோடு மூன்றாவது நினைவும் ஒன்று உண்டு. அதைக் கூறுபவர் சேரியிலேயே வாழ்ந்த மூதாட்டியர் சிலர். "அந்தக் காலத்தில் அடி வாங்கினோம், உண்மைதான். ஆனால் பண்ணையத்தில் இருந்தவரை ஆண்டு முழுதும் சோளமும் கம்பும் வீடு வந்தன. இப்போது பேரன் பனியன் கம்பெனிக்குப் போகிறான். வேலை இருந்தால் சோறு, இல்லையேல் கடன்" என்று அவர் கூறுவதுண்டு. இதைக் கேட்டு, 'பார்த்தீர்களா, அவர்களே பழைய காலத்தைப் புகழ்கிறார்கள்' என்று மகிழ்வாரும் உளர். அஃது அறியாமை. மூதாட்டி புகழ்வது அடிமைத்தனத்தை அன்று, உறுதியான சோற்றை. பழைய காலம் சோற்றைக் கொடுத்து மானத்தை விலையாக வாங்கிற்று. இக்காலம் மானத்தைக் கொடுத்துச் சோற்றுக்கு உறுதி சொல்லாமல் விட்டது. இரண்டையும் ஒருங்கே பெற அம்மூதாட்டிக்கு உரிமை உண்டு. இன்றைய குறை, நேற்றைய கொடுமையை நியாயம் ஆக்கிவிடாது.

இத்தகைய நினைவு வேறுபாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. தென்னாப்பிரிக்கா இதற்குச் சான்று. சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொட்டுத் தமிழர் அந்நாட்டில் வாழ்ந்து வருகின்றனர். 1893-ஆம் ஆண்டு காந்தியடிகள் நிறத்தின் காரணமாகப் புகைவண்டியின் முதல் வகுப்பிலிருந்து இறக்கிவிடப்பட்டதும் அந்நாட்டிலேதான். அவர் நடத்திய அறப்போரில் சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914-இல் இளமையிலேயே உயிர் நீத்தார்.

1948-இல் அந்நாட்டின் ஆட்சி நிறவெறிக் கொள்கையை அரசின் சட்டமாகவே ஆக்கிக்கொண்டது. எவர் எங்கே குடியிருக்கலாம், எப்பள்ளியில் படிக்கலாம், எக்கடற்கரையில் உலாவலாம் என்பனவெல்லாம் தோலின் நிறத்தைக் கொண்டு வகுக்கப்பட்டன. கறுப்பர் தம் நாட்டிலேயே அனுமதிச் சீட்டுடன் நடமாட வேண்டியிருந்தது. 1960-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் ஷார்ப்வில் என்னும் ஊரில் அச்சீட்டு முறையை எதிர்த்துக் கூடிய மக்கள்மீது காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். டர்பனில் தமிழர் உள்ளிட்ட இந்தியர் பலர் தம் வீடுகளை இழந்து, சாட்சுவொர்த் என்னும் தனிக் குடியிருப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலா 1990-இல் விடுதலை பெற்றார். 1994-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் எல்லா நிறத்தாரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. மண்டேலா குடியரசுத் தலைவரானார்.

அங்கும் இன்று முதியோர் 'அந்தக் காலம்' என்று பேசுகின்றனர். வெள்ளையருள் சிலர், 'அப்போது தெருக்கள் தூய்மையாய் இருந்தன; அச்சமின்றி நடந்தோம்' என்பர். கறுப்பருள் முதியோர் நள்ளிரவில் கதவை உடைத்துச் சீட்டைக் கேட்ட காவலரை நினைவுகூர்வர். வேலையின்மையால் வருந்தும் ஏழையர் சிலர், 'அப்போது வேலையாவது கிடைத்தது' என்பதும் உண்டு. இந்தியரின் நினைவோ இடைப்பட்டது. அவர் வெள்ளையரால் தாழ்த்தப்பட்டார். ஆனால் கறுப்பரினும் ஒரு படி மேலே வைக்கப்பட்டார். 1984-இல் இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் தனித்தனி அவைகள் அமைத்த நாடாளுமன்றத்தில் கறுப்பருக்கு இடமே இல்லை. படிக்கட்டில் நடுவில் நிற்பவன் தன் தலைமீது உள்ள காலை நினைவில் வைத்திருப்பான். தன் காலின்கீழ் உள்ள தலையை மறந்துவிடுவான். நம் நாட்டுச் சாதிப் படிக்கட்டிலும் இதுவே நிகழ்ந்தது, இன்றும் நிகழ்கிறது.

அந்நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கொடுமை சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது. கடற்கரைப் பலகையில் எழுதப்பட்டிருந்தது. எழுதியதை எவரும் மறுக்க முடியாது. இங்கே வழக்கம் எழுதப்படாமலேயே ஆண்டது. கொட்டாங்கச்சியின்மேல் எவரும் பெயர் பொறிக்கவில்லை. 'செருப்பைக் கழற்று' என்று தெருமுனையில் பலகை நாட்டவில்லை. பலகை இருந்திருந்தால் அதைக் காட்சிச் சாலையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பலகை இல்லாமையால், 'அப்படியெல்லாம் நடக்கவே இல்லை' என்று கூறுதல் எளிதாகிறது. எழுதாத கொடுமைக்குச் சான்று, பட்டவரின் நினைவு ஒன்றே. ஆதலின் அந்நினைவைப் பாதுகாத்தல் வரலாற்றைப் பாதுகாத்தலாகும்.

இனி, நாடு அடைந்த முன்னேற்றத்தைக் காண்போம். பொதுச் சாலைகளும் கிணறுகளும் சாவடிகளும் எல்லார்க்கும் உரியன என்ற தீர்மானத்தை 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அதே ஆண்டில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காக அறப்போர் தொடங்கிற்று, பெரியார் ஈ.வெ. ராமசாமி அதில் கலந்து சிறை சென்றார். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அவர்களுள் ஒருவரான கக்கன் பின்னாளில் இம்மாநிலத்தின் அமைச்சராக விளங்கினார். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை மீறுவோரைத் தண்டிக்க 1955-இலும், வன்கொடுமைகளைத் தடுக்க 1989-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன.

சட்டம் வாயிலைத் திறந்தது. ஆனால் கொங்கு நாட்டில் மக்களை அவ்வாயில் வழியே நடக்கச் செய்தவற்றுள் தொழிலும் ஒன்று. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவை வட்டாரத்தை எட்டியது. காலப்போக்கில் கிணறுதோறும் மின்பொறி அமைந்தது, கவலை மறைந்தது. கவலையோடு தோற்றொழிலும் மறைந்தது. தொழில் இழந்தவருக்கு அது துன்பமே. ஆனால் ஊரோடு அவரைப் பிணைத்திருந்த கட்டும் அத்துடன் தளர்ந்தது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர்ந்தது. 1970-களுக்குப் பின் வெளிநாட்டு ஏற்றுமதியால் பெருகியது. சேரியிற் பிறந்த இளைஞன் பேருந்தில் ஏறித் திருப்பூர் சென்று, 'பவர் டேபிள்' என வழங்கும் தையற்பொறியின் முன் அமர்ந்தான். அவனுக்கு அடுத்த பொறியில் பண்ணையக்காரரின் உறவினர் மகன் அமர்ந்தான். இருவர்க்கும் கூலியை அளந்தது தைத்த உருப்படிகளின் கணக்கு. பிறந்த குடி அன்று. தன் தந்தை 'சாமி' என்று அழைத்தவரின் வீட்டுப் பிள்ளையை அவன் 'அண்ணா' என்று அழைத்தான். இச்சொல் மாற்றம் சிறிதெனத் தோன்றலாம். இதற்கு முந்தைய பல நூற்றாண்டுகளில் நிகழாத மாற்றம் இது.

எனினும், மாலையில் அப்பேருந்து ஊர் திரும்பியதும் இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கி வெவ்வேறு திசையில் நடக்கின்றனர். ஒருவன் ஊருக்குச் செல்கிறான். மற்றவன் சேரிக்குச் செல்கிறான். இறந்த பின்னும் பல ஊர்களில் சுடுகாடு வேறு. 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அவிநாசிக்கு அணித்தான ஓர் ஊரின் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்மணி ஒருவரை, அவர் சமைத்தால் தம் பிள்ளைகள் உண்ணார் என்று கூறி ஊரார் சிலர் தடுத்தனர். அவர் வேறிடத்திற்கு மாற்றப்பட்டார். கண்டனம் எழுந்த பின்னரே அம்மாற்றம் நீக்கப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து 68 ஆண்டுகள் ஆன பின் நிகழ்ந்தது இது.

ஆகவே, 'எல்லாம் மாறிவிட்டது. பழையதைக் கிளறாதே' என்பதும் பிழை. 'ஒன்றுமே மாறவில்லை' என்பதும் பிழை. முன்னது இன்று படுகிறவரின் துன்பத்தை மறுக்கிறது. பின்னது நேற்று போராடியவரின் உழைப்பை மறுக்கிறது. அப்பெண்மணியைத் தடுத்தவர் இருந்தனர் என்பது நாணத்தக்க உண்மை. தடுத்தவர்மீது வழக்குத் தொடுக்க ஒரு சட்டம் இருந்தது, அச்சட்டத்தைக் கேட்டுத் தெருவில் நின்ற மக்களும் இருந்தனர் என்பது மகிழத்தக்க உண்மை. அவருடைய பாட்டியின் காலத்தில் இவ்விரண்டாவது உண்மை இல்லை.

மாறுபட்ட நினைவுகளை எடைபோடுவது எங்ஙனம்? மூன்று வினாக்கள் துணைபுரியும். முதலாவது: இந்நினைவுக்கு உரியவர் அன்று எங்கே நின்றார்? வீட்டுத் திண்ணையிலா, தொழுவத்தின் ஓரத்திலா? இரண்டாவது: அவர் காலத்தில் மற்றவர் வாய் திறந்து பேச முடிந்ததா? 'வழக்கு இல்லை, வம்பு இல்லை' என்பது அமைதியாகவும் இருக்கலாம், வழக்குரைக்க வாயில்லாத நிலையாகவும் இருக்கலாம். முணுமுணுத்தவன் மறுநாள் வேலை இழப்பான் எனில், அங்கே நிலவியது அமைதி அன்று, அச்சம். மூன்றாவது வினாவே உறுதியானது: 'அந்தக் காலம் நல்ல காலம்' என்பவர், அக்காலத்தில் தொழுவத்தின் ஓரத்தில் நின்றவரோடு இடம் மாற்றிக்கொள்ள இசைவாரா? இசையார் எனின், அக்காலம் அவருக்கு மட்டுமே நல்ல காலம்.

இவ்வாறு வினவுவது பழி தீர்ப்பதற்காக அன்று. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெசுமண்டு டூட்டுவின் தலைமையில் உண்மையும் இணக்கமும் காணும் ஆணையம் அமைந்தது. 1996 முதல் அது ஊர் ஊராய்ச் சென்று, துன்புற்றவரையும் துன்புறுத்தியவரையும் மக்கள் முன் பேசச் செய்தது. அதனால் எல்லாப் புண்ணும் ஆறிவிடவில்லை. எனினும், 'அப்படி நடக்கவில்லை' என்று சொல்லும் வாய்கள் அடங்கின. நம் ஊர்களுக்கு ஆணையம் வரவேண்டும் என்பதில்லை. ஒரு மாணவன் தன் பாட்டியிடம் அக்காலத்தைக் கேட்கலாம். பின்னர்த் தன் தோழனின் தெருவுக்குச் சென்று அவன் பாட்டியிடமும் அதையே கேட்கலாம். அவன் பாட்டி கொடுக்கும் நீரை அங்கே அமர்ந்து பருகலாம். வரலாற்றுப் பாடத்தில் அதனினும் சிறந்த பாடம் இல்லை.

திருப்புக்கொளியூர் வரலாற்றின் முடிவு இங்கே நினைக்கத்தக்கது. நாயனார் வறண்ட குளக்கரையில் நின்று இறைவனைப் பாடினார். நீர் பெருகிற்று, முதலை வந்தது, தான் விழுங்கிய பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. ஐந்து வயதில் போனவன் ஐந்து வயதுப் பிள்ளையாகவே திரும்பவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியையும் உடன் பெற்றுத் திரும்பினான். அதனாலன்றோ தோழனோடு ஒத்த நிலையில் அவனும் நிற்க முடிந்தது! இழந்த பிள்ளையை மீட்பது மட்டும் அறம் ஆகாது. இழந்த ஆண்டுகளையும் மீட்டுக் கொடுப்பதே முழு அறம். சட்டம் வாயிலைத் திறப்பது பிள்ளையை மீட்பது போன்றது. கல்வி உதவியும் இடவொதுக்கீடும் இழந்த ஆண்டுகளை மீட்பன. பட்டியல் வகுப்பினருக்கான ஒதுக்கீட்டினுள் அருந்ததியர்க்கு மூன்று விழுக்காடு என 2009-இல் இம்மாநிலம் சட்டம் செய்ததும் இக்கருத்தாலேயே. 'எல்லாரும் சமம் ஆகிவிட்டோமே, இனிச் சலுகை எதற்கு?' என்பவர், முதலை வாயில் கழிந்த ஆண்டுகளை எண்ண மறந்தவர்.

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் நிறைவேறிற்று. மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்ட திட்டம் அது. பவானி ஆற்றின் மிகைநீர் குழாய்கள் வழியே ஏறி வந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்குட்டைகளுக்குப் பாய்கிறது. ஊர்க் குளம் எது, சேரிக் குட்டை எது என்று அந்நீர் கேட்பதில்லை. கரையில் நின்று கேட்டவர் மனிதரே. அக்கேள்வியை இனி எவரும் கேளாத நாளே, அவ்வூரின் பெயருக்கு ஏற்ப, அழிவில்லாத முன்னேற்றம் தொடங்கும் நாள்.